தோளை விட்டு இறங்கிய துண்டு

தென்னேரியில் யாரிடமாவது சைக்கிள் கடை துரைக்கண்ணுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "யாரு, பெரிய வீட்டுக்காரரைக் கண்டதும் துண்டை இடுப்புல கட்டிக்கினு கால்ல விழுந்தாரே, அவரா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரியாதவன் இல்லை நான். இருந்தாலும் அந்தத் துண்டு ஏன் இறங்கியது, அந்த மனுஷன் ஏன் விழுந்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹனீஃபா. பெரிய காஞ்சிபுரத்தில் அவருடைய வாடகை சைக்கிள் கடையை ஒட்டினாற்போல் என் தையற்கடை. அவர் போட்ட சட்டையெல்லாம் நான் தைத்ததுதான். ஆளை முகத்தைப் பார்த்து எடைபோடுகிறவர்கள் உண்டு. நான் தோளிலிருந்துதான் ஆரம்பிப்பேன், தொழில் அப்படி. துரைக்கண்ணு அண்ணனுக்கு நல்ல அகலமான தோள். ஆனால் அந்தத் தோளை நான் முழுசாகப் பார்த்தது அளவெடுக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கட்சிக் கரை போட்ட துண்டு ஒன்று இடது தோளில் கிடக்கும். "தூங்கும்போதாவது எடுப்பியா, இல்ல அண்ணிக்கும் அதுக்கும் சண்டையா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். சிரிப்பார், ஆனால் துண்டைச் சரிசெய்துகொண்டுதான் சிரிப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா சபாபதி, தென்னேரியில் பெரிய வீட்டு நிலத்தை உழுதவர். அந்த வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் கிழவரின் துண்டு தோளை விட்டு இறங்கி அக்குளுக்குள் போய்விடும். முதுகு தானாக வளையும். வாயில் "சாமி" வரும். பெரிய வீட்டு வாரிசான பரசுராமன் பால் மறக்காத பிள்ளையாக இருந்தபோதே அவருக்கும் அதே "சாமி"தான். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் துரைக்கண்ணு வளர்ந்தார். மீசை முளைத்ததும் காஞ்சிபுரத்துக்கு ஓடி வந்துவிட்டார். எவன் எதிரே வந்தாலும் துண்டு தோளை விட்டு இறங்காது என்று அப்போதே சபதம் போட்டுக்கொண்டாராம்.

கடை வைத்த புதிதில், நான் பக்கத்தில் கடை போடுவதற்கு முன்னால், மகனைப் பார்க்க ஒரு முறை சபாபதி வந்தாராம். அந்த நேரம் பார்த்துப் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை தெருவில் போனார். பழக்கதோஷம், கிழவரின் துண்டு அக்குளுக்குப் போய்விட்டது. துரைக்கண்ணுவுக்கு வந்ததே கோபம். கடையில் இருந்த அத்தனை பேர் எதிரிலும், "உனக்கு வெக்கமே இல்லியா? இந்த ஊருக்கு வந்துமா அக்குள்ல சொருவுற? இப்படி வர்றதுன்னா இந்தக் கடைக்கே வராத" என்றார். கிழவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்புறம் சாகும்வரை அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. இந்தக் கதையைத் துரைக்கண்ணு கட்சிக் கூட்டத்தில் சொல்வார், பஞ்சர் ஒட்டும்போது சொல்வார், என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். கதையில் அவர்தான் வீரர். கேட்கிறவர்களும் கைதட்டுவார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் அவருக்கு அக்கி வந்தது. பிடரியில் தொடங்கி இடது தோள் மேலாகக் காறை எலும்புவரை பட்டையாகக் கொப்புளம். எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குத்தான் போவோம். பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதிவிட்டார். கொப்புளங்கள் வற்றிப் பொருக்குத் தட்டி உதிர்ந்தன. வெளுத்த தழும்புதான் மிச்சம். அண்ணி கிருஷ்ணவேணி அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்கும் போய்விட்டு வந்தார்.

தோல் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அதுவும் விசித்திரமான வலி. தோளை அழுத்திப் பிடித்தால் தாங்கிக்கொள்வார். சட்டைத் துணி லேசாக உரசினால் போதும், பச்சைமிளகாயை அரைத்துப் பூசினாற்போல் துடிப்பார். மேசைமின்விசிறிக் காற்றுகூட ஆகாது. "எங்க, காட்டு" என்று வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது காட்ட? வெளுத்த தோல். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். கை ஒடிந்திருந்தால் மாவுக்கட்டாவது இருக்கும், காய்ச்சல் என்றால் தொட்டாவது பார்ப்பார்கள். அவருக்கு இரண்டும் இல்லை. அந்த வெட்கத்தில் அண்ணியிடமே மறைக்க ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை மாட்டி, சிரித்தபடி கடைக்கு வந்து, என் கடைக்குள் நுழைந்ததும் கழற்றிப் போடுவார்.

"ஒரு துணி பட்டதுக்கு அழுவுறான்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா பாய்?" என்றார் என்னிடம்.

சட்டையின் இடது தோளை வெட்டி எடுத்துத் தைத்துத் தரச் சொன்னார். வெட்டும்போது திரையை இழுத்துவிடச் சொன்னார். போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார், கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சட்டை இல்லை. துண்டை வலது தோளுக்கு மாற்றினார். ஒருநாள் காற்றில் அதன் நுனி எழும்பி இடது பக்கம் பட, வாடிக்கையாளர் எதிரில் ஊளையிட்டுவிட்டார். பிடித்திருந்த சைக்கிள் கீழே விழுந்தது. அதற்கப்புறம்தான் துண்டு இடுப்புக்குப் போயிற்று. இடுப்பில் துண்டோடு கட்சிக் கூட்டத்துக்கு எப்படிப் போவது? அதையும் நிறுத்திவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்ததோ பேர் சொல்லக்கூடத் தெரியாத வலி.

என் சின்னம்மா மகன் கலீல், மெட்ராஸில் படித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி வைத்திருந்தான். துரைக்கண்ணு அண்ணனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். கலீல் முதலில், "எங்கே வலிக்குது, எப்பெப்ப வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, முழுசும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு ஒரு பஞ்சை எடுத்துத் தோளில் லேசாகத் தடவினான். அண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கட்டைவிரலால் அழுத்தினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க நடிக்கலண்ணா. இது இருக்கிற நோய்தான்" என்றான் கலீல்.

"நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டாக்டர்" என்றார் அண்ணன். கண் கலங்கிவிட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கலீல் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தோலிலிருந்து கிளம்பும் நரம்பு முதுகுத்தண்டுவரை போய் அங்கே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே மூளைக்குப் போவது வேறு நரம்பு. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோவது ரசாயனம்தான். இந்த நரம்பின் நுனியில் அது கசியும், அடுத்த நரம்பு அதை வாங்கிக்கொள்ளும். தொடுகிற சேதிக்கு ஒரு நரம்பு, வலிக்கிற சேதிக்கு இன்னொரு நரம்பு. முதுகுத்தண்டில் வலி நுழைகிற இடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றான். முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அது ஏன்? தொடு நரம்பு போய் அந்தக் கதவைச் சாத்துகிறது. அக்கிக் கிருமி நரம்பின் வேரிலேயே உட்கார்ந்து அரித்துவிட்டதால் இவருக்குக் கதவு சாத்தவில்லை. வேர் ஓயாமல் பொய்ச் சேதி அனுப்பி அனுப்பி, முதுகுத்தண்டு மிரண்டு கிடக்கிறது. துணி பட்டது என்கிற சேதி போனாலும் நெருப்புப் பட்டது என்றே மேலே சொல்கிறது.

"அப்ப நான் தின்ன தலைவலி மாத்திரையெல்லாம்?" என்று கேட்டார் அண்ணன்.

புண் இருக்கிற இடத்தில் ஒரு ரசாயனம் ஊறி நரம்பை உசுப்பிவிடும், ஆஸ்பிரின் அதை ஊறவிடாமல் தடுக்கும், அதை வெள்ளைக்காரர்கள் இப்போதுதான் இரண்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்தார்கள் என்றான் கலீல். இவருக்குத்தான் புண்ணே இல்லையே, அது எதைத் தடுக்கும்? மூளையும் சும்மா இருப்பதில்லை. மேலிருந்து சில ரசாயனங்களை இறக்கி அந்தக் கதவைச் சாத்தப் பார்க்கும். சண்டையில் வெட்டுப்பட்டவன் ஓடும்போது வலி தெரியாமல் ஓடுகிறானே, அப்படி. கசிந்த ரசாயனத்தை நரம்பு மறுபடி உறிஞ்சிக்கொண்டுவிடும். அதை உறிஞ்சவிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்திவைக்க ஒரு மாத்திரை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான்.

"எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், இன்னும் ஆராய்ச்சி நடந்துகினுதான் இருக்குது. ஆனா ஒண்ணு, பயமும் வெக்கமும் இந்த வலிக்குத் தீனி. மறைக்காதீங்க" என்றான்.

அண்ணன் வெளியே வந்தபோது நிமிர்ந்து நடந்தார். மருந்துக்கடைவரைக்கும்தான். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க இது? புத்தி பேதலிச்சவங்களுக்குக் குடுக்கிறதாச்சே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன், சொந்தக்காரர் ஒருவருக்கு என்று சொல்லி வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். கடைக்கு வந்து அதைப் பஞ்சர் சாமான் பெட்டியின் அடியில் திணித்தார். கலீல் அவரைப் பைத்தியம் என்று எழுதிவிட்டதாக என்மேல் பாய்ந்தார். மனம் சோர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை என்பது உண்மைதான், ஆனால் வலிக் கதவுக்கும் அதே ரசாயனம்தான் என்று கலீலிடம் கேட்டு வந்து சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருமுறை பைத்தியம் என்று பேர் வந்தால் போகுமா என்றார். மாத்திரை பெட்டியிலேயே கிடந்தது.

ஆவணியில் அவருடைய கடைசித் தங்கை ஜெயம்மாள் பெண் குழந்தைக்குத் தென்னேரியில் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? வரவில்லை என்று சொல்ல வழியில்லை. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். வெற்று மார்போடு, இடுப்பில் துண்டோடு வந்தார். மாமனுக்குச் சட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை, சடங்குக்கு அது வழக்கம்தான். குழந்தையை வலது தொடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். குத்தினார்கள், குழந்தை வீல் என்றது, வெல்லம் கொடுத்தார்கள்.

அப்போதுதான் பெரிய வீட்டுப் பரசுராமன் வந்தார். வயதாகிவிட்டது, கையில் தடி. நிலமும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணன் குழந்தையோடு உட்கார்ந்தபடியே இருந்தார். பரசுராமனின் கண் முதலில் அண்ணன் முகத்துக்குப் போனது, பிறகு இடுப்புக்குப் போனது. அண்ணனுடைய சபதம் அந்த ஊருக்கே தெரியும். எல்லாருடைய கண்ணும் இடுப்புக்குப் போயிற்று.

பரசுராமன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் வினை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எதுக்குப்பா துரைக்கண்ணு இதெல்லாம்? உங்கப்பன் காலம் போச்சு. தோள்லயே போட்டுக்கோ, நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். எனக்கே காது சூடாகிவிட்டது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அக்கி வந்த தோள், துணி ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்ல வாயெடுத்தேன், முறைத்து அடக்கிவிட்டார். சாக்குச் சொல்கிறான் என்பார்கள் என்று நினைத்தாராம். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார். எழுந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறி, பழைய வீச்சோடு இடது தோளில் போட்டார்.

கண்மூடித் திறக்கும் நேரம் நின்றிருப்பார். "ஐயோ சாமி!" என்று ஒரு அலறல். முட்டி மடிந்தது. துண்டைப் பிய்த்தெறிந்துவிட்டு அப்படியே குப்புற விழுந்தார். விழுந்த இடம் பரசுராமனின் காலடி.

வலி வந்தால் எல்லாருக்கும் ஒரு சொல் வரும். ஒருவர் அம்மா என்பார், நான் அல்லா என்பேன். ஐயோ சாமி என்று கத்தாத ஆள் எங்கள் ஜில்லாவில் உண்டா? ஆனால் அந்த ஊரில், அந்த மனிதர் எதிரில், சபாபதியின் மகன் வாயில் அந்தச் சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பரசுராமன் பதறிப்போய், "எழுந்திருப்பா, எழுந்திரு" என்று குனிந்து தூக்கினார். நல்லெண்ணத்தோடு நீட்டிய கை உரசியதும் அதே தோளில்தான். மறுபடியும் "சாமி" என்றுதான் கத்தினார் அண்ணன். பின்னால் ஒரு கிழவி, "அப்பன் புத்தி எங்க போவும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் காற்றுப் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கடைக்கு வந்ததும் பெட்டியைக் கவிழ்த்து அந்த மாத்திரையைத் தேடி எடுத்தார். என்னிடமே தண்ணீர் வாங்கி விழுங்கினார். பைத்தியம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார்.

மருந்து சட்டென்று கேட்டுவிடவில்லை. நாக்கு வறண்டது, கடையிலேயே தூங்கி வழிந்தார். கலீல் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். ஐப்பசி மழையில் ஒருநாள், சாரல் தோளில் பட்டும் துடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். வலி போய்விடவில்லை, ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பொங்கலுக்குப் பழைய மல் துணியில், தோள் வெட்டாத சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் அவர் துண்டை நானே எடுத்து நீட்டினேன்.

வாங்கியவர் தோளில் போடவில்லை. என் கடை ஆளுயரக் கண்ணாடி எதிரில் போய் நின்றார். துண்டை மடித்து அக்குளில் செருகினார். முதுகைக் கொஞ்சம் வளைத்தார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சபாபதியைப் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் அங்கே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ஆறு பிள்ளைங்க பாய். நெலத்தைப் புடுங்கிக்கினா எங்களுக்குக் கஞ்சி ஏது? எங்கப்பனுக்கு எங்க வலிச்சுதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. வெக்கமில்லியான்னுதான் கேட்டேன்."

பெரிய மனுஷன் அழுதால் எனக்குப் பார்க்க வராது. கத்தரிக்கோலை எடுத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதற்கப்புறம் அந்தக் கணக்குப்பிள்ளை கதையை அவர் எங்கேயும் சொல்லிக் கேட்டதில்லை. யாராவது சொல்லச் சொன்னால் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார்.

தென்னேரிக்கு நான் போய், அக்கி, நரம்பு, மாத்திரை எல்லாவற்றையும் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டு வரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, வேண்டாம் என்றார். நான் விடவில்லை. ஊர் உன்னைத் தப்பாகப் பேசுகிறதே என்றேன்.

"பேசட்டும் பாய். எங்கப்பனை நான் ஊர் ஊரா மேடை போட்டுப் பேசினேன். அவருக்காக யார் போய்ச் சொன்னாங்க?" என்றார். டியூபில் குமிழி வந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு, உப்புத்தாளை எடுத்துத் தரும்படி என்னிடம் கை நீட்டினார்.